பத்து மணி வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது!

1932-ம் வருடம், மார்ச் 1-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊருக்குப் பக்கத்தில் புத்தம்புதிதாகக் கட்டப்பட்ட ஒரு பங்களா. மாடியில் குழந்தைக்கென்று தனி அறை, தனிக் கட்டில். அதில் ஒரு வயசு எட்டு மாதமான ஒரு பொடியன். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம். நெஞ்சில் தைலம் தடவி, கதகதப்பாக ஒரு ஃப்ளானல் சட்டை போட்டு, போர்த்திப் படுக்கவைத்துவிட்டு, ராத்திரி எட்டு மணி வாக்கில் கீழே இறங்கி வந்தாள் ஆயா.

அந்த வீட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எட்டு மணிக்குத் தூங்க வைத்தால், பத்து மணி வரைக்கும் யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. அம்மாவாக இருந்தாலும் சரி! சும்மா சும்மா எட்டிப் பார்த்துச் செல்லம் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அப்பாவின் கட்சி. அந்த அப்பா, சார்லஸ் லிண்ட்பெர்க். 1927-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரைக்கும் தன்னந்தனியாக, வழியில் எங்கேயும் இறங்காமல், 33½ மணி நேரம் கண்ணை மூடாமல் விமானம் ஓட்டிப்போன உலகப் புகழ் வீரர்.

பத்து மணிக்கு ஆயா மாடிக்குப் போனாள். கட்டில் காலி!

ஜன்னலோரம் ஒரு கடிதம் கிடந்தது. ஐம்பதாயிரம் டாலர் கேட்டு. வெளியே ஓர் ஏணி. அமெரிக்காவே கொந்தளித்துப்போனது. பணம் கொடுத்தும் குழந்தை திரும்பவில்லை. மே 12-ம் தேதி, வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் அதன் உடல்தான் கிடைத்தது. புரூனோ ஹாப்ட்மன் என்பவர் 1936-ல் மின்சார நாற்காலிக்கு அனுப்பப்பட்டார்.

அந்த விதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்தைப் பற்றியும் அல்ல. நம் விஷயம் அந்த விதிதான். ஒண்ணேமுக்கால் வயசுக் குழந்தை தனி அறையில், தனிக் கட்டிலில், ராத்திரி பூராவும் தனியாகத் தூங்கியே ஆக வேண்டும் என்று முதன்முதலில் சொன்னது யார்? எப்போது? எதற்காக?

உங்களுக்கும் இதில் சம்பந்தம் இருக்கலாம். வீட்டில் இரண்டு, இரண்டரை வயசில் ஒரு வாண்டு. ஃபர்னிச்சர் கடையில் கார் மாதிரி, ரயில் மாதிரியெல்லாம் கட்டில் விற்கிறார்கள். ஆசை ஆசையாக வாங்கிப் போட்டீர்கள். முதல் நாள் அதில் ஏறிக் குதித்து ஆட்டம் போட்ட குழந்தை, நடுராத்திரி ஒரு மணிக்குத் தலையணையை இழுத்துக்கொண்டு உங்கள் கதவருகே நிற்கிறது. 'அம்மா... எனக்கு அங்க வேணாம்மா!'

அதட்டுவதா, அணைப்பதா? திருப்பி அனுப்புவதா, பக்கத்தில் இடம் விடுவதா? இந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. வாருங்கள், முதலிலிருந்து பார்க்கலாம்.

மனித சரித்திரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனிக் கட்டில் என்ற ஒன்றே கிடையாது. காரணம் ரொம்ப எளிமை... கட்டில் என்பது ஏகப்பட்ட விலை! ஐரோப்பாவில் 16, 17-ம் நூற்றாண்டுகளில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் மொத்தச் சொத்தில் விலை உயர்ந்த சாமானே கட்டிலும் மெத்தையும்தான். 1616-ல் செத்துப்போன ஷேக்ஸ்பியர், தன் உயிலில் மனைவிக்கு 'இரண்டாவது தரக் கட்டிலை' எழுதிவைத்ததைப் பற்றி இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு கட்டில் இருந்தால் குடும்பமே அதில் ஏறிப் படுக்கும். சத்திரங்களில் முன்பின் தெரியாத ஆசாமிகள்கூட ஒரே கட்டிலில்! இங்கிலாந்தில் வேர் என்ற ஊர்ச் சத்திரத்தில், சுமார் 1590-ல் செய்த ஒரு கட்டில் 3 மீட்டருக்கும் அதிக அகலம். லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போனால் அதை இன்றைக்கும் பார்க்கலாம்.

கொஞ்சம் வசதியானவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பெரிய கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த ஒரு குட்டிக் கட்டில். பகலில் உள்ளே தள்ளிவிட வேண்டியது, ராத்திரி வெளியே இழுத்துக் குழந்தைகளையோ வேலைக்காரரையோ படுக்கவைக்க வேண்டியது. நம் வாண்டுக்கு வாங்கிய கட்டிலின் கொள்ளுத்தாத்தா இதுதான் என்று சொல்லலாம். ஆனால் இடத்தைக் கவனியுங்கள்... அம்மா கையை நீட்டினால் எட்டும் தூரம்!

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. அவற்றுக்குத் தொட்டில் ரொம்பக் காலமாகவே உண்டு. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்துபோன ஹெர்குலேனியம் நகரத்தைத் தோண்டியபோது, கரியாகிப்போன ஒரு மரத் தொட்டில் கிடைத்தது. ஆட்டுவதற்கு வசதியாக அடியில் வளைந்த கட்டைகள். உள்ளே... ஒரு சிசுவின் எலும்புகள்.

தொட்டில் எதற்கு? ஒரு பயம்தான். தூக்கத்தில் அம்மாவோ செவிலித்தாயோ புரண்டு படுத்து, குழந்தை மூச்சுத் திணறி இறந்துவிடும் பயம். பைபிளில் சாலமோன் மன்னரிடம் ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு வருவார்களே, அந்தக் கதையே இதில்தான் ஆரம்பிக்கிறது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில், சிசுவின் மேல் கூண்டு மாதிரி கவிழ்த்துவைக்க மரத்தால் ஒரு சாதனமே செய்திருந்தார்கள். செவிலித்தாய் புரண்டாலும் பாரம் கட்டையின் மேல்தான் விழும். அதை உபயோகிக்காத செவிலிக்கு, சர்ச்சிலிருந்தே விலக்கிவைக்கும் தண்டனை என்று 18-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

இந்தப் பயத்தில் இன்றைக்கும் நியாயம் இருக்கிறது. சிசுவை அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இன்றும் சொல்கிறது. நாம் பேசுவது அந்த வயசைத் தாண்டி, ஓடி ஆடி விளையாடும் வாண்டுகளைப் பற்றி.

சரி, பணக்காரர்கள் வீட்டில்? 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீடுகளின் மேல்மாடியில் குழந்தைகளுக்கெனத் தனி அறை வந்துவிட்டது. 'பார்த்தீர்களா, அப்பவே தனியாகத்தானே தூங்கினார்கள்!' என்பீர்கள். இருங்கள்... அந்த அறையில் ஆயாவும் இருப்பாள். அம்மாவிடமிருந்துதான் தள்ளிப் படுத்ததே தவிர, குழந்தை தனியாகப் படுக்கவில்லை. 'டிரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், சின்ன வயசில் ஓயாத நோயாளி. இருமி இருமித் தூங்கவே மாட்டார். எடின்பரோ நகரத்து வீட்டில், அலிசன் கன்னிங்ஹாம் என்ற அவருடைய ஆயா, நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் வருவாள். தூரத்தில் ஏதாவது வீட்டில் வெளிச்சம் தெரியும். அங்கேயும் ஒரு பையன் உடம்பு சரியில்லாமல் விழித்துக்கொண்டிருப்பான், அவனும் அவன் ஆயாவும் விடியலுக்காகக் காத்திருப்பார்கள் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். 1885-ல் குழந்தைகளுக்கான தன் கவிதைப் புத்தகத்தை ஸ்டீவன்சன் அர்ப்பணித்தது அந்த ஆயாவுக்குத்தான்.

ஆக, 19-ம் நூற்றாண்டின் கடைசி வரை, 'சின்னக் குழந்தை ராத்திரி தனியாக இருக்கட்டும்' என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. பிறகு வந்தார்கள் நிபுணர்கள்!

முதலில் லூதர் எம்மெட் ஹோல்ட். நியூயார்க்கின் பிரபல குழந்தை டாக்டர். 1894-ல் குழந்தை வளர்ப்பு பற்றிக் கேள்வி-பதில் பாணியில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஆயாக்களுக்குப் பாடம் நடத்தத் தயாரித்தது. பிறகு அமெரிக்க அம்மாக்களுக்கே வேதபுத்தகமாகிவிட்டது. குழந்தையை ஆட்டித் தூங்க வைப்பது தேவையில்லாத பழக்கம். பழக்கத்துக்காக, பிடிவாதத்துக்காக அழும் குழந்தையை அழுது ஓயும்படி விட்டுவிட வேண்டும் என்றார் ஹோல்ட். அடுத்து, நியூசிலாந்தில் ட்ரூபி கிங். 1907-ல் இவர் ஆரம்பித்த சங்கத்தின் வழியாக, மணியடித்தால் பால், மணியடித்தால் தூக்கம், ராத்திரியில் எதுவும் கிடையாது என்ற பாடம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் பூராவும் பரவியது.

அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். நகரங்களில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. வயிற்றுப்போக்கு, காசநோய், டிப்தீரியா... கிருமிதான் காரணம் என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். முத்தத்தில் கிருமி, மூச்சில் கிருமி. பெரியவர்களிடமிருந்து குழந்தையைத் தள்ளிவைப்பது உயிர் காக்கும் யோசனையாகவே அவர்களுக்குப் பட்டது. பாலைக் காய்ச்சச் சொன்ன அதே வாயால், 'தூக்காதே, ஆட்டாதே' என்றும் சொன்னார்கள். முதல் யோசனை பலித்ததால், இரண்டாவதையும் ஜனங்கள் நம்பினார்கள்.

அடுத்து வந்தவர்தான் உச்சம். ஜான் வாட்சன். மனோதத்துவ நிபுணர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, ரோசலி ரேனர் என்ற மாணவியுடன் காதல் விவகாரத்தில் 1920-ல் வேலையை இழந்து, அவரையே கல்யாணம் செய்துகொண்டு, விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து சக்கைப்போடு போட்டவர். 1928-ல் மனைவியின் உதவியோடு குழந்தை வளர்ப்புப் புத்தகம் எழுதினார். கட்டிப்பிடிக்காதீர்கள், மடியில் உட்காரவைக்காதீர்கள் என்றார். தவிர்க்கவே முடியாவிட்டால், ராத்திரி படுக்கப்போகும்போது நெற்றியில் ஒரே ஒரு முத்தம். காலையில்? கை குலுக்க வேண்டும்! ஆபீஸ் மேனேஜரும் கிளார்க்கும் மாதிரி.

ஹோப்வெல் பங்களாவின் எட்டு-பத்து மணி விதி இந்தக் காற்றில் பிறந்ததுதான்.

வாட்சன் வீட்டிலேயே கதை எப்படிப் போனது தெரியுமா? 1930-ல் ரோசலி ஒரு பெற்றோர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். கணவரின் தத்துவத்தில் பாதிக்குத் தலைவணங்குகிறேன், மீதிக்கு மனசு கலகம் செய்கிறது என்கிற தொனியில்! ஐந்து வருஷத்தில் ரோசலி இறந்துபோனார். இரண்டு மகன்களில் ஒருவரான வில்லியம், மனநல மருத்துவராகி, கடைசியில் தற்கொலை செய்துகொண்டார். இன்னொரு மகன் ஜேம்ஸ், தன் அப்பா உணர்ச்சியையே வெளிக்காட்டத் தெரியாதவர் என்று பிற்காலத்தில் பேட்டி கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அந்த முத்தமில்லாத ராத்திரிகள்தான் காரணம் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதும் அளவுக்குத் தனக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை என்று வாட்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன.

கதவைச் சாத்தியாகிவிட்டது. ஆனால் பயம்? லிண்ட்பெர்க் குழந்தைக்கு நடந்ததைக் கேட்டு நடுங்கியவர்களில் ஒருவர், ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்ட். அவருக்கும் ஒரு பெண் குழந்தை. 1937-ல் அவர் கம்பெனி 'ரேடியோ நர்ஸ்' என்று ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழந்தையின் கட்டிலருகே ஒரு பெட்டி, பெற்றோர் அறையில் ஒரு பெட்டி. அங்கே அழுதால் இங்கே கேட்கும். பெட்டியை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி என்ற பெரிய சிற்பி. இன்றைக்கு செல்போனில் குழந்தையின் கட்டிலை கேமரா வழியாகப் பார்க்கிறோமே, அதற்கெல்லாம் ஆதி இதுதான். வேடிக்கையைப் பாருங்கள்... குழந்தையைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, அதன் மூச்சுச் சத்தத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினோம்!

அடுத்த காட்சி, லண்டன், 1952. ஓர் ஆஸ்பத்திரி வார்டு. புதுக் கட்டிலில் தனியாக விடப்பட்ட குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதை உலகம் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் அட்மிட்டான குழந்தைகளைப் பெற்றோர் நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது. பல இடங்களில் வாரத்துக்கு ஒரு தடவை சில மணி நேரம், அவ்வளவுதான். 'அம்மா வந்தால்தான் குழந்தை அழுகிறது. வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது' என்பது நர்ஸ்களின் வாதம்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இதை நம்பவில்லை. குழந்தைகளின் பாசத்தை ஆராய்ந்த ஜான் பௌல்பியுடன் வேலை செய்தவர் அவர். ஒரு மூவி கேமராவை எடுத்துக்கொண்டு போனார். சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கப்போகிற, இரண்டரை வயசுகூட நிரம்பாத லாரா என்ற பெண் குழந்தையைத் தினமும் படம் பிடித்தார். அது கத்திக் கூப்பாடு போடவில்லை. உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொள்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கரடி பொம்மையையும் ஒரு துண்டுக் கம்பளியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது. நடுநடுவே அம்மாவைத் தேடுகிறது. அம்மா வந்தபோதோ, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது!

ராபர்ட்சன் இதை மருத்துவர்களுக்குத் திரையிட்டபோது சபையில் ஒரே கோபம். ஆஸ்பத்திரிகளை அவமானப்படுத்திவிட்டார் என்று குதித்தார்கள். ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாதே! 1959-ல் பிளாட் கமிட்டி என்ற அரசாங்கக் குழு, பெற்றோரை எந்த நேரமும் அனுமதிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சத்தமில்லாமல் படுத்திருக்கும் குழந்தை நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதை டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தது, ஒரு சின்னப் பெண் படுத்த கட்டில்.

இதற்குள் அமெரிக்காவில் காற்று மாறியிருந்தது. 1946-ல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் புத்தகம் வெளியானது. விலை 25 சென்ட். பிற்பாடு ஐந்து கோடி பிரதிகள் விற்றுத் தீர்த்த புத்தகம்! ஸ்பாக்கின் அம்மா, ஹோல்ட்டின் பரம சிஷ்யை. பனிக்காலத்தில்கூட பிள்ளைகளைக் கணப்பில்லாத வராந்தாவில் தூங்க வைத்தவர். அப்படி வளர்ந்த பையன் டாக்டராகி, 'அம்மாக்களே, உங்கள் மனசு சொல்வதை நம்புங்கள், குழந்தையைக் கொஞ்சுங்கள்' என்றார்.

ஆனால் தூக்க விஷயத்தில் ஸ்பாக்கும் இரண்டு விதமாகப் பேசினார். கைக்குழந்தை படுக்க மறுத்து அடம்பிடித்தால், குட்நைட் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்; முதல் நாள் இருபது, முப்பது நிமிஷம் அழும், மறுநாள் பத்து நிமிஷம், மூன்றாம் நாள் தூங்கிவிடும் என்றார். அதுவே இரண்டு வயசுக் குழந்தை நிஜமாகவே பயந்து அழுதால்? கட்டிலுக்குப் பக்கத்தில் நிதானமாக உட்காருங்கள், அது தூங்கும் வரை இருங்கள், நைசாக நழுவப் பார்க்காதீர்கள் என்றார். அடம் வேறு, பயம் வேறு என்று அவர் பிரித்துக்காட்டியது முக்கியம்.

சரி, குழந்தை நடுராத்திரியில் ஏன் எழுந்திருக்கிறது? இதற்குப் பதில் கிடைத்ததும் ஒரு சின்னப் பையனால்தான். 1951, சிகாகோ பல்கலைக்கழகம். யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், கையில் காசில்லாமல், கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்த ஒரு பழைய மெஷினைத் தூசி தட்டி எடுத்து, எட்டு வயசான சொந்த மகன் ஆர்மண்டின் முகத்தில் ஒயர்களை ஒட்டித் தூங்கச் சொன்னார். நடுவில் மெஷினின் பேனா தாறுமாறாக ஆடியது. 'பயல் முழித்துக்கொண்டு விட்டான்' என்று எட்டிப் பார்த்தால்... ஆழ்ந்த தூக்கம்! மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. தூக்கம் என்பது ஒரே நீளமான இருட்டு அல்ல, அலை அலையாக வருகிறது என்று 1953-ல் தன் பேராசிரியரோடு சேர்ந்து உலகத்துக்குச் சொன்னார். பெரியவர்களுக்கு ஓர் அலை சுமார் 90 நிமிஷம். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ஓர் அலை முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும்போது, எல்லோருமே லேசாக விழிக்கிறோம். புரண்டு படுக்கிறோம். போர்வையை இழுத்துக்கொள்கிறோம். காலையில் ஞாபகம் இருப்பதில்லை.

1970-களில் தாமஸ் ஆண்டர்ஸ் என்ற மருத்துவர், குழந்தைகளின் தொட்டிலுக்கு மேலே வீடியோ கேமரா வைத்துப் பார்த்தார். 'எங்கள் பாப்பா ராத்திரி பூரா அசையாமல் தூங்கும்' என்று பெற்றோர் பெருமைப்பட்ட குழந்தைகளும் நடுவில் விழித்தன! என்ன வித்தியாசம்... அவை யாரையும் கூப்பிடாமல் தானே திரும்பத் தூங்கிவிட்டன. 'விடிய விடியத் தூங்குவது' என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் இதுதான். விழிக்காமல் இருப்பது யாராலும் முடியாது. விழித்ததும் மறுபடி தூங்கத் தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

பாஸ்டன் டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் எழுதிய புத்தகத்தின் சூட்சுமமும் இதுதான். உங்களுக்கே யோசித்துப் பாருங்கள். தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள். நடுராத்திரி லேசாக விழிக்கும்போது தலையணை இல்லை என்றால்? சுத்தமாக எழுந்து உட்கார்ந்து தேடுவீர்கள் அல்லவா? குழந்தைக்கு அம்மாவின் கைதான் தலையணை. அந்தக் கையில் தூங்கிப்போய், ஒரு மணிக்கு விழிக்கும்போது கை இல்லை, சுவர் மாறியிருக்கிறது, மெத்தையின் வாசனை புதுசு. அலறாமல் என்ன செய்யும்?

ஃபெர்பர் சொன்ன வைத்தியம், ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று இடைவெளி விட்டுவிட்டுப் போய் எட்டிப்பார்த்து ஆறுதல் சொல்வது. ஜனங்கள் அதை 'கதறவிடும் முறை' என்று சுருக்கிவிட்டார்கள். 2006-ல் புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது, பெற்றோரோடு சேர்ந்து தூங்குவதும் சில குடும்பங்களுக்குச் சரிதான் என்று அவரே இறங்கிவந்தார்.

இதெல்லாம் மேற்கத்தியச் சண்டை. மற்றவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், குவாதமாலா நாட்டு மாயன் இன அம்மாக்களிடம், 'அமெரிக்காவில் குழந்தையைத் தனி அறையில் போடுகிறார்கள்' என்று சொன்னபோது, அவர்கள் அதிர்ந்துபோய் 'ஐயோ பாவம்' என்று பரிதாபப்பட்டார்கள். ஜப்பானில், அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கம், நடுவில் குட்டி என்று படுக்கும் முறைக்கு 'ஆறு' என்ற எழுத்தின் பெயர். அந்த எழுத்தே மூன்று கோடுகள், நடுக்கோடு குட்டை! நம் நாட்டில் புவனேஸ்வர் குடும்பங்களை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷ்வேடரும் அவர் சகாக்களும், யார் யாரோடு படுப்பது என்பதற்கு அங்கே தெளிவான சில தர்மங்கள் இருப்பதை 1995-ல் எழுதினார்கள். அதில் ஒன்று, பலவீனமானவர்களை ராத்திரியில் தனியே விடக் கூடாது என்பது.

நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்தரத்துக் கொக்கியில் பழைய சேலையைக் கட்டினால் தூளி. தூளியை விட்டு இறங்கினால் பாட்டி பக்கத்தில் பாய். தாலாட்டுக்கென்றே ஓர் இலக்கியம் வைத்திருக்கிற ஊர் இது. ஆனால் அபார்ட்மென்ட்டில் பாட்டி இல்லை. காலையில் இரண்டு பேரும் வேலைக்கு ஓட வேண்டும். விடிய விடியத் தூளி ஆட்டிய அம்மா ஆபீஸில் தூங்கி வழிகிறாள். அவள் தூக்கத்துக்கும் மதிப்பு உண்டு. தனிக் கட்டில் வாங்குவதில் தப்பே இல்லை.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? மேலே பார்த்த சரித்திரத்திலேயே விடைகள் இருக்கின்றன.

முதலில் இடம். அந்தப் பழைய சக்கரக் கட்டில் மாதிரி, முதல் சில வாரம் புதுக் கட்டில் உங்கள் அறையிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உயரம் வேண்டாம். குழந்தை தானே ஏறி இறங்கும்படி தாழ்வான படுக்கைதான் வேண்டும், கம்பி போட்ட கட்டில் கூண்டு மாதிரி என்று வாதாடியவர் மரியா மாண்டிசோரி. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, இரண்டாம் உலகப் போர்க்காலம் பூராவும் இந்தியாவில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே, அதே அம்மையார்தான். நம் ஊர்ப் பாயும் கோரைத் தடுக்கும் அவர் கேட்ட உயரத்தில்தான் இருக்கின்றன!

இரண்டாவது, பழசு. கட்டில் புதுசாக இருக்கலாம், மேலே விரிப்பது புதுசாக வேண்டாம். தூளி கட்டிய அதே சேலையை மடித்து விரியுங்கள். லாரா அணைத்துக்கொண்டு படுத்த கம்பளித் துண்டு ஞாபகம் இருக்கிறதா? டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1950-களின் ஆரம்பத்திலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். அம்மாவுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் குழந்தை தானே கட்டிக்கொள்ளும் பாலம் அந்தக் கந்தல் துணி. அழுக்காக இருக்கிறது என்று அதைப் பிடுங்காதீர்கள்.

மூன்றாவது, தூங்கும்போது எப்படியோ, விழிக்கும்போதும் அப்படியே. ஹாலில் மடியில் தூங்கவைத்து, பிறகு பூனை நடை நடந்து கட்டிலில் போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. குழந்தை ஓரிடத்தில் தூங்கி வேறிடத்தில் விழிக்கிறது. கண் சொருகும் நேரத்திலேயே கட்டிலில் விடுங்கள். கட்டிலில் இருந்தபடியே அது தூக்கத்துக்குள் போகட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் தட்டிக்கொடுங்கள். சில நாள் கழித்துக் கையை மட்டும் வையுங்கள். பிறகு வெறுமனே உட்காருங்கள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். ஆஸ்திரேலியாவில் இந்த நாற்காலி முறையையும், இடைவெளி விட்டு ஆறுதல் சொல்லும் முறையையும் தூக்கப் பிரச்னை இருந்த கைக்குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்து, 326 குழந்தைகளை ஆறு வயசு வரைக்கும் கவனித்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: மனசிலோ, நடத்தையிலோ, பெற்றோரிடம் வைத்த பாசத்திலோ எந்தக் கெடுதலும் தெரியவில்லை. தனித் தூக்கம் பிள்ளையைப் புத்திசாலியாக்கியதாகவும் தெரியவில்லை! ஆக, உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அது.

நாலாவது, நடுராத்திரியில் எழுந்து வந்தால் விளக்கைப் போட்டு விசாரணை நடத்தாதீர்கள். கதை, பால், டி.வி. எதுவும் வேண்டாம். கையைப் பிடித்து அழைத்துப்போய், அதே கட்டிலில், அதே இரண்டு வார்த்தை. ஜுரம், பல்வலி, புதுசாகத் தம்பிப் பாப்பா பிறந்த வாரம் என்றால் மட்டும் எல்லா விதிகளையும் மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். அப்போது குழந்தைக்கு வேண்டியது பயிற்சி அல்ல, நீங்கள்.

நூறு வருஷத்தில் நிபுணர்கள் ஆட்டாதே என்றார்கள், தூக்காதே என்றார்கள், தூக்கு என்றார்கள், நிமிஷக் கணக்குச் சொன்னார்கள், பாதியை வாபஸ் வாங்கினார்கள். கட்டிலில் படுத்திருந்த குழந்தையோ இத்தனை வருஷமும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. 'அம்மா, இருக்கியா?'

'இருக்கேன்டா, தூங்கு' என்ற பதில் வந்துவிட்டால் போதும். கட்டில் கார் மாதிரி இருக்கிறதா, ரயில் மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பெரிய விஷயமே இல்லை.